மூழ்கிய நெல்லுக்குள் மடையை அடைப்பது யார்?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். விதைநெல் வாங்கப் போன இடத்தில் ஒரு பயிற்சிக் கூட்டம் நடந்ததாம். 'சி.ஆர். 1009 சப் 1 நெல்லில் ஒரு புரதம் இருக்கிறது, அது வளர்ச்சி மரபணுக்களை அணைத்துவிடும், அதனால்தான் பயிர் வெள்ளத்தைத் தாங்குகிறது' என்று சொன்னார்களாம். அவருக்கு மூன்று சந்தேகம். புரதம் எப்படி ஒரு மரபணுவை அணைக்கும்? அணைத்த மரபணு அழிந்துபோகுமா? அழிந்துவிட்டால் தண்ணீர் வடிந்ததும் பயிர் எப்படித் துளிர்க்கிறது?

தம்பி, மூன்றாவது கேள்வியிலேயே இரண்டாவதற்குப் பதில் இருக்கிறது, கவனித்தீர்களா? துளிர்க்கிறது என்றால் அழியவில்லை. ஆனால் முதல் கேள்வி லேசுப்பட்டதில்லை. அதற்கு முன்னால் அந்த 'அணைப்பது' என்ற சொல்லோடு எனக்கொரு சண்டை இருக்கிறது. அணைப்பது என்றதும் விளக்கை ஊதி அணைப்பதுதான் மனசில் வரும். ஊதினால் போச்சு, வேலை முடிந்தது. செல்லுக்குள் நடப்பது அப்படியில்லை. டெல்டாக்காரர்களிடம் இதற்கு நல்ல சொல் ஒன்று இருக்கிறது: அடைப்பது. மடையை அடைக்கிறோமே, அது.

எங்கள் வயலுக்குத் தண்ணீர் பாயும் மடை இரண்டு முழ அகலம் இருக்கும். முறை முடிகிற ராத்திரிகளில் தாத்தா என்னை டார்ச் பிடிக்கச் சொல்லிவிட்டு மண்வெட்டியோடு இறங்குவார். முதலில் போடுகிற மண்கட்டி தண்ணீரோடு போய்விடும். இரண்டாவதும் போகும். வைக்கோலைப் பிரியாக முறுக்கிக் குறுக்கே திணித்து, அதன்மேல் களிமண்ணைப் போட்டு மிதித்தால்தான் நிற்கும். நின்ற பிறகும் ஓரத்தில் நூலாகக் கசியும். நான் அதைக் காட்டினால், 'கசியாத மடை எங்கடா இருக்கு' என்பார். விடிந்ததும் ஒரு தடவை போய்ப் பார்ப்பார், பெயர்ந்த இடத்தில் மறுபடி மண் வைப்பார்.

மரபணு என்பது டி.என்.ஏ. என்ற நீண்ட இழையில் ஒரு துண்டு. ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு அதில் எழுதியிருக்கிறது. ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்கிற புரத எந்திரம் அந்தத் துண்டின் தலைமாட்டில் வந்து உட்கார்ந்து, படித்துக்கொண்டே ஓடி, ஆர்.என்.ஏ. நகல் எடுக்கும். நகலைப் பார்த்துப் புரதம் தயாராகும். மரபணு 'திறந்திருக்கிறது' என்றால் அதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். நெல்லுக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள். வேரில் இருக்கும் செல்லிலும் கதிரில் இருக்கும் செல்லிலும் அத்தனையும் உண்டு. எதைப் படிப்பது, எதை அடைப்பது என்பதில்தான் வேர் வேராகிறது, கதிர் கதிராகிறது.

அடைப்பதில் ஆக எளிய வகையை முதலில் கண்டுபிடித்தது பாக்டீரியாவில். நம் குடலில் வாழும் ஈ.கோலி, பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைத் தின்னத் தேவையான நொதிகளை லாக்டோஸ் இருக்கும்போது மட்டும் செய்கிறது. பாரிஸில் பிரான்சுவா ஜேக்கப்பும் ஜாக் மோனோவும் 1961-இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள்: அந்த மரபணுக்களை ஏதோ ஒரு பொருள் அடைத்து வைத்திருக்கிறது, லாக்டோஸ் வந்தால் அது விலகிக்கொள்கிறது. 1965-இல் ஆந்த்ரே லுவோஃபோடு சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பொருளைக் கையில் பிடித்து 'இது ஒரு புரதம்' என்று வால்டர் கில்பர்ட்டும் பென்னோ மியுலர்-ஹில்லும் காட்டியது அடுத்த ஆண்டு, 1966-இல்! பரிசு முந்திக்கொண்டது. பிடிப்பது அத்தனை கஷ்டமாக இருந்ததற்குக் காரணம், ஒரு செல்லுக்குள் அந்த அடக்கிப் புரதம் பத்துப் பிரதி வாக்கில்தான் இருக்கும்.

பத்தே பத்துப் பேர். ஈ.கோலியின் டி.என்.ஏ.வில் 46 லட்சம் எழுத்துகள். அதில் தாங்கள் உட்கார வேண்டிய இருபது எழுத்துச் சொச்சத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? டி.என்.ஏ. இரண்டு புரியாக முறுக்கிய கயிறு. புரிகளுக்கு நடுவே அகலமாக ஒரு பள்ளமும் குறுகலாக ஒரு பள்ளமும் ஓடும். எழுத்துகளின் ஓரங்கள் அகலப் பள்ளத்தில் தெரியும். அடக்கிப் புரதத்தில் விரல் மாதிரி நீட்டிய ஒரு பகுதி அந்தப் பள்ளத்தில் படிந்து, புரியைப் பிரிக்காமலே ஓரங்களைத் தடவிப் பார்க்கிறது. நெல் வியாபாரி மூட்டையைப் பிரிக்காமல் சாக்கின்மேல் கை வைத்தே உள்ளே இருப்பது சன்னமா மோட்டாவா என்று சொல்லிவிடுவாரே, அந்த வித்தை. டி.என்.ஏ.வின்மேல் ஒட்டுவது, கொஞ்ச தூரம் வழுக்கிப் போவது, விட்டுவிட்டு வேறெங்கோ ஒட்டுவது என்று அலைந்து, சில நிமிடங்களில் தன் இடத்துக்கு வந்துவிடும். இடம் பொருந்தினால் இறுகப் பிடித்துக்கொள்ளும். பாலிமரேஸ் வந்து உட்கார வேண்டிய இடத்தை மறித்துக்கொண்டு இது உட்கார்ந்திருப்பதால் படிப்பு நடக்காது.

லாக்டோஸ் உள்ளே வந்தால், அதிலிருந்து சற்றே மாறிய அல்லோலாக்டோஸ் என்ற சர்க்கரை இந்தப் புரதத்தின் மறுபக்கத்தில் உள்ள குழியில் போய் அமரும். புரதத்தின் உருவம் லேசாகத் திருகும், விரல்கள் பள்ளத்தில் சரியாகப் படியாமல் போகும், பிடி தளரும். மடை திறந்துவிட்டது.

இதில் எனக்குப் பிடித்த இடம் கசிவு. லாக்டோஸை உள்ளே கொண்டுவருவதற்கே ஒரு புரதம் வேண்டும். அதை அல்லோலாக்டோஸாக மாற்றவும் ஒரு நொதி வேண்டும். இரண்டும் அடைபட்டிருக்கும் அந்த மரபணுக்களிலிருந்துதான் வர வேண்டும். அப்படியானால் முதல் லாக்டோஸ் எப்படி உள்ளே வரும்? அடைப்பு நூறு சதவீதம் இல்லை. அடக்கிப் புரதம் எப்போதாவது தன் இடத்தை விட்டு நழுவும். அந்தக் கண நேரத்தில் ஒன்றிரண்டு நகல் எடுக்கப்பட்டுவிடும். அந்தச் சில மூலக்கூறுகள்தான் லாக்டோஸ் வந்ததைச் செல்லுக்குத் தெரியப்படுத்துகின்றன. கசியாத மடையாக இருந்திருந்தால் பக்கத்தில் பால் ஓடினாலும் பாக்டீரியா பட்டினி கிடந்திருக்கும்.

இனி நெல்லுக்கு வருவோம். நெல்லின் மரபணுத் தொகுப்பு ஏறத்தாழ 39 கோடி எழுத்துகள். பல நாடுகள் கூடிப் படித்து 2005-இல் வெளியிட்டார்கள். 12 குரோமோசோம்களில் 11-ஆவதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. ஒரு செல்லில் இருக்கும் இரண்டு படிகளையும் நீட்டிப் பிடித்தால் கால் மீட்டருக்கு வரும். கண்ணுக்குத் தெரியாத உட்கருவுக்குள் இதைத் திணிக்க வேண்டும் என்பதால் ஹிஸ்டோன் என்ற புரதங்கள் உருளைகளாக நிற்கின்றன. ஓர் உருளைக்கு 147 எழுத்து, ஒன்றரைச் சுற்றுக்கு மேல் சுற்றிக்கொள்ளும். டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்னேற்றம், ஹிஸ்டோனின் வால்களில் நேர்மின்னேற்றம், அதனால் இறுக்கமாக ஒட்டிக்கொள்கின்றன. அந்த வால்களில் அசிட்டைல் என்ற சின்னக் குழுவை ஒட்டினால் நேர்மின்னேற்றம் போய்ச் சுற்று தளரும், எந்திரம் நுழைய வழி கிடைக்கும். அந்தக் குழுவைப் பிடுங்கிவிட்டால் மறுபடி இறுகும்.

பாக்டீரியாவில் அடக்கிப் புரதம் தானே போய் மறித்து உட்கார்ந்தது. நெல், மனிதன், ஈஸ்ட் போன்றவற்றில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. இங்கே அடக்கிப் புரதம் இடத்தை அடையாளம் காட்டும் ஆள் மட்டும்தான். ஒரு கையால் டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொண்டு மறுகையால் வேறு புரதங்களைக் கூப்பிடும். வருகிறவர்களில் முக்கியமானவர் அசிட்டைல் குழுவைப் பிடுங்கும் நொதி. அசிட்டைலுக்கும் மரபணு திறப்பதற்கும் தொடர்பு இருக்கிறது என்று வின்சென்ட் ஆல்ஃப்ரே 1964-லேயே சொல்லிவிட்டார். ஆனால் பிடுங்கும் நொதி கையில் சிக்க 1996 ஆயிற்று. சிக்கியதும் பார்த்தால், ஈஸ்டில் மரபணுக்களை அடக்குவதாக ஏற்கெனவே பெயர் வாங்கியிருந்த ஒரு புரதத்துக்கு இது உறவுக்காரன்! அதுவரை ஊகமாக இருந்தது அன்றோடு உறுதிப்பட்டது.

செடிகளில் அடையாளம் காட்டுகிறவருக்கும் பிடுங்குகிறவருக்கும் நடுவே தரகர் மாதிரி ஒரு புரதம் நிற்கிறது. அதற்கு டாப்லெஸ் என்று பெயர். அது கெட்டுப்போன ஒரு வகை நாற்றில் குருத்து வர வேண்டிய இடத்தில் குருத்து இல்லை, வேர் வந்தது. மேலேயும் வேர், கீழேயும் வேர். தலையே இல்லாத செடி என்பதால் அந்தப் பெயர். வேருக்கான மரபணுக்களை மேல்பக்கம் யாரோ சதா அடைத்து வைத்திருந்ததால்தான் அங்கே குருத்து வந்துகொண்டிருந்தது என்பது, அந்த ஆள் இல்லாமல் போன பிறகுதான் தெரிந்தது.

இப்போது உங்கள் சப் 1. கூட்டத்தில் சொன்னது பாதி சரி. அந்தப் புரதம் நேராகப் போய் ஒவ்வொரு வளர்ச்சி மரபணுவின்மேலும் உட்கார்ந்துகொள்வதில்லை. நடுவில் இன்னொருவர் இருக்கிறார், உண்மையான அடக்குமுறை அவர் கையில்தான். நெல்லில் அவர் பெயர் எஸ்.எல்.ஆர். 1. டெல்லா என்ற புரதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். வளர்ச்சி மரபணுக்களைத் திறந்துவிடும் புரதங்களை இவர் கையைப் பிடித்து நிறுத்திவிடுவார், டி.என்.ஏ. பக்கமே போகவிட மாட்டார். மடையில் மண் வைக்காமல், மடை திறக்க வருகிறவனை வரப்பிலேயே மறித்து உட்கார வைத்துப் பேச்சுக் கொடுப்பது போல. அதுவும் ஒரு வகை அடைப்புதான்.

செடி வளர வேண்டும் என்றால் ஜிப்ரலின் என்ற ஹார்மோன் சுரக்கும். கடையில் ஜிப்ரலிக் அமிலம் என்று பாட்டிலில் விற்கிறார்களே, அதே சாதி. அது ஜிட் 1 என்ற ஏற்பியில் அமர்ந்ததும், ஏற்பி டெல்லாவைப் பிடித்துக்கொள்ளும். டெல்லாவின்மேல் 'இதை உடைத்துவிடு' என்று ஒரு குறி ஒட்டப்படும். செல்லின் குப்பை அரைக்கும் எந்திரம் அதை அரைத்துவிடும். தடுத்தவர் இல்லை, வளர்ச்சி ஓடும். ஜிட் 1 என்ற ஏற்பியை 2005-இல் கண்டுபிடித்ததே நெல்லில்தான், ஜப்பானில்.

இதை நீங்கள் உங்கள் நாற்றங்காலிலேயே பார்த்திருப்பீர்கள். சில நாற்று மட்டும் வெளிறி, ஒல்லியாக, மற்றதைவிட நெடுநெடுவென்று ஓடி நிற்கும், பிறகு செத்துப்போகும். பக்கானே நோய். அந்தப் பூஞ்சை தானே ஜிப்ரலினைத் தயாரித்து நாற்றுக்குள் கொட்டுகிறது. டெல்லா முழுக்க அரைபட்டு, பிரேக் இல்லாத வண்டி மாதிரி நாற்று ஓடுகிறது. ஜிப்ரலின் என்ற ஒன்று இருப்பதே இந்த நோயிலிருந்துதான் உலகத்துக்குத் தெரிந்தது. 1926-இல் குரோசாவா என்ற ஜப்பானிய ஆய்வாளர், பூஞ்சை வளர்ந்த கஷாயத்தை மட்டும் ஊற்றியே நாற்றை நெடுக்கிக் காட்டினார். இதற்கு நேர் எதிர்க்கோடி ஐ.ஆர். 8 போன்ற குட்டை ரகங்கள். அவற்றில் ஜிப்ரலின் குறைவு, டெல்லா நிலைத்து நிற்கும், பயிர் உயராது, உரம் போட்டாலும் சாயாது.

வெள்ளத்தில் என்ன நடக்கிறது? செடி எப்போதும் கொஞ்சம் எத்திலீன் வாயுவை விட்டுக்கொண்டிருக்கும். காற்றில் அது பறந்துவிடும். தண்ணீருக்குள் வாயு பரவும் வேகம் காற்றில் இருப்பதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான், அதனால் எத்திலீன் உள்ளேயே தேங்கும். தேங்கியதும் சாதாரண நெல் 'மூழ்கிவிட்டோம், மேலே எட்டிப் பிடிப்போம்' என்று ஜிப்ரலின் வழியைத் திறந்துவிடும். டெல்லா அரைபடும், தண்டு நீளும், சேமித்த மாவுச்சத்தெல்லாம் சர்க்கரையாகிக் கரையும். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் வடிந்தால் பிழைக்கும். வாரம் தாண்டினால் கையிருப்பு தீர்ந்துபோகும்.

கூட்டத்தில் சொன்ன அந்தப் புரதத்தின் பெயர் சப் 1ஏ. அது உள்ள நெல்லிலும் எத்திலீன் தேங்கும். ஆனால் அந்த எத்திலீனே சப் 1ஏ மரபணுவைத் திறக்கும். அதிலிருந்து வரும் புரதம், எஸ்.எல்.ஆர். 1-உம் அதன் உறவுக்காரப் புரதம் ஒன்றும் குறையாமல் பெருகும்படி செய்கிறது. ஜிப்ரலின் கதவைத் தட்டினாலும் வளர்ச்சி மரபணுக்கள் திறக்காது. மாவுச்சத்தை உடைக்கும் வேலையும் மந்தப்படும். செடி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு புரதம் அடக்கும் வேலை செய்கிற இன்னொரு புரதத்தைக் காப்பாற்றி, அதன் வழியாக நூற்றுக்கணக்கான மரபணுக்களை அடைத்து வைக்கிறது. இந்தக் குணம் வந்தது ஒடிசாவின் பழைய நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்ற வகையிலிருந்து. 9-ஆவது குரோமோசோமில் இருக்கும் அந்த மரபணு எது என்று 2006-இல் பிடித்தார்கள். சுவர்ணா சப் 1 இந்தியாவில் 2009-இல் வந்தது. நம் ஆயிரத்து ஒன்பதுக்குள்ளும் அதே துண்டைத்தான் ஒட்டுச்சேர்க்கையில் கொண்டுவந்தார்கள். மரபணு மாற்றுப் பயிர் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒரு கார்த்திகையில், தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள், வரப்புக்கு இந்தப் பக்கம் பழைய ஆயிரத்து ஒன்பதும் அந்தப் பக்கம் சப் 1-ம் நின்ற வயலில் இறங்கிப் பார்த்தேன். இந்தப் பக்கம் பயிர் நீளமாக வளர்ந்து, சேற்றில் படுத்து, தோகை வெளிறிக் கிடந்தது. ஒரு தூரைப் பிடுங்கி அடியை நகத்தால் கீறினால் உள்ளே நாணல் போல வெறும் கூடு, குருத்து பழுப்பாகக் கொழகொழத்தது. அந்தப் பக்கம் பார்க்க லட்சணமே இல்லை. கட்டையாக, சேறு அப்பி, மேல் இலையெல்லாம் அழுகி. ஆனால் அடியைக் கீறினால் குருத்து வெள்ளையாகக் கெட்டியாக இருந்தது. அதற்கடுத்த வாரம் பச்சை வந்துவிட்டது.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு இதுதான் பதில். தண்ணீர் வடிந்ததும் எத்திலீன் காற்றில் போய்விடுகிறது. சப் 1ஏ புரதம் புதிதாக உற்பத்தியாவது நிற்கிறது, இருப்பது தேய்கிறது. டெல்லாவை முட்டுக் கொடுத்து வைத்திருந்த கை எடுபட்டதும் ஜிப்ரலின் அதை அரைத்துவிடுகிறது. மரபணுக்களில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

இவ்வளவு சீக்கிரம் திறக்காத அடைப்புகளும் உண்டு. நம்மூரில் வருஷக்கணக்கில் தண்ணீர் விடாத கண்ணி வாய்க்கால் தூர்ந்து, நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டி, எது வாய்க்கால் எது கரை என்று தெரியாமல் போய்விடுமே, அந்த மாதிரி. பாலிகோம்ப் என்ற புரதக் கூட்டம் இந்த வேலையைச் செய்கிறது. ஹிஸ்டோன் வாலில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மூன்று மெத்தில் குழுக்களைக் குறியாக வைக்கும். செல் இரண்டாகப் பிரியும்போது பழைய ஹிஸ்டோன்கள் இரண்டு மகள் செல்களுக்கும் பங்காகப் போகும். கூட்டத்தில் ஒரு புரதம் பழைய குறியைப் படிக்கும், இன்னொன்று பக்கத்தில் வந்த புது ஹிஸ்டோனிலும் அதே குறியை எழுதும். அடைத்தவர் போய்ச் சேர்ந்த பிறகும் அடைப்பு பரம்பரையாக நிற்பது இப்படித்தான். இங்கேயும் ஓயாத வேலைதான், ஒவ்வொரு பிரிவிலும் குறியைப் புதுப்பிக்காவிட்டால் நீர்த்துப்போகும். மரபணுவை விட்டுவிட்டு, எடுத்த ஆர்.என்.ஏ. நகலைத் தேடி வெட்டும் ஆர்கனாட் புரதங்களும் இருக்கின்றன. அதற்குள் போனால் பதில் இன்னும் இத்தனை நீளும்.

அத்தனை காலம் அடைபட்ட மரபணு உள்ளே கெட்டுப்போயிருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு மனித உடம்பிலேயே சாட்சி இருக்கிறது. கருவில் இருக்கும்போது நம் ரத்தத்தில் வேறு வகை ஹீமோகுளோபின். பிறந்த சில மாதங்களில் பி.சி.எல். 11ஏ என்ற அடக்கிப் புரதம் அதன் மரபணுவை அடைத்துவிடும், பெரியவர்களுக்கான மரபணு வேலையை எடுத்துக்கொள்ளும். அரிவாள் செல் நோயில் பழுதாகியிருப்பது இந்த இரண்டாவது மரபணு. அந்த நோயாளியின் ரத்த மூலச் செல்களை வெளியே எடுத்து, பி.சி.எல். 11ஏ சிவப்பணுவாகும் செல்களில் குறையும்படி கிரிஸ்பர் கத்தரியால் ஓரிடத்தில் வெட்டித் திருப்பிச் செலுத்தும் சிகிச்சைக்கு 2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. அடைத்தவர் போனதும், இருபது முப்பது வருஷமாகச் சும்மா கிடந்த கருக்கால மரபணு திறந்து, நல்ல ஹீமோகுளோபினைச் செய்ய ஆரம்பித்துவிடுகிறது.

ஒன்றை மட்டும் கூட்டத்தில் சொன்னார்களா தெரியவில்லை, அதனால் நான் சொல்கிறேன். நீங்கள் நேரடி விதைப்பு செய்கிறவரானால், விதைத்த மறுநாள் மழை வந்து வயல் மூழ்கினால் சப் 1 காப்பாற்றாது. முளைக்கிற விதைக்கு அப்போது தேவை நேர் எதிர்: மாவுச்சத்தை வேகமாக உடைத்து, முளையை நீட்டி, காற்றைத் தொட வேண்டும். மூச்சைப் பிடித்து உட்கார்ந்தால் அழுகிவிடும். அதேபோல அரைப்பயிர் ஆழத்துக்குத் தண்ணீர் மாதக்கணக்கில் வடியாமல் நிற்கும் பள்ளக்கால் வயலுக்கும் இது தோதுப்படாது. மாதக்கணக்கில் பேராழத்தில் நிற்கும் நெல் வகைகள் வங்கதேசப் பக்கம் உண்டு. வெள்ளம் ஏற ஏற அவை ஒரே நாளில் 20, 25 சென்டிமீட்டர் கூட நீளும். அவற்றை அப்படி நீட்டுகிற புரதங்களை 2009-இல் கண்டுபிடித்தபோது ஸ்நார்க்கெல் என்று பெயர் வைத்தார்கள். சப் 1ஏ-யின் அதே குடும்பம், அதே எத்திலீன்தான் அவற்றையும் எழுப்புகிறது. அங்கே அவை ஜிப்ரலின் மடையை அகலத் திறந்துவிடுகின்றன.